கரிசல் மண் வீட்டில் மழைத் தண்ணி வடியலையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, ஓரளவு எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு முழுக்க முழுக்க மண்ணைப் பற்றி. சாஃப்ட்வேர்க்காரனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்னு கேட்கலாம். நான் வேளாண் விஞ்ஞானி கிடையாது. படிச்சது இன்ஜினியரிங், வேலை கோடிங், வீடு கோவில்பட்டி. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "வீட்டைச் சுத்தித் தண்ணி நிக்குது, என்ன பண்றது?"

அதில் ஒரு நேயரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன். ஊருக்கு வெளியே புது பிளாட். ஐந்து சென்ட். பத்து வருஷத்துக்கு முன்னாடி அது உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த காடு. வீடு கட்டி மூணு வருஷம். போன நவம்பரில் பின்பக்கம் ஒரு வாரம் தண்ணி நின்றது. இரண்டு பப்பாளியும் ஒரு முருங்கையும் போச்சு. கறிவேப்பிலை மஞ்சளாகி நிற்கிறது. சமையலறைச் சுவரில் மூலைவாக்கில் ஒரு விரிசல். தோட்டம் போட்டுக் கொடுக்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மூணடிக்கு மண்ணை எடுத்துட்டுச் செம்மண்ணும் ஜல்லியும் போட்டுரலாம், எண்பதாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா நகையை அடகு வைக்கலாமா என்கிற அளவுக்கு யோசனை போயிருக்கு.

முதலிலேயே சொல்லிடறேன்: அந்த எண்பதாயிரத்தைக் கொடுக்காதீங்க. ஏன்னு சொல்லத்தான் இவ்வளவு நீள எபிசோடு.

இந்த மண் ஏன் இப்படி?

பள்ளிக்கூடத்தில் கரிசல் மண் எரிமலைப் பாறையில் இருந்து வந்ததுன்னு படிச்சிருப்போம். மகாராஷ்டிரத்துக்கு, தக்காணப் பீடபூமிக்கு அது சரி. நம்ம பக்கம் எரிமலைப் பாறையே கிடையாது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல், சுண்ணாம்புச் சத்துள்ள நைஸ் வகைப் பாறைகள் இந்த வறண்ட வெயிலில் சிதைந்து உண்டானது. தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வருதே, அந்தச் சுண்ணாம்புதான் அது.

பாறை வேறாக இருந்தாலும் களிமண் ஒன்றுதான். மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். அப்பளக் கட்டு ஒன்றைக் கற்பனை பண்ணுங்க. ஒவ்வொரு அப்பளமும் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தடிமன். இரண்டு அப்பளத்துக்கு நடுவில் தண்ணி நுழையும், அப்போது கட்டு உப்பும். காய்ந்தால் சுருங்கும். மற்ற களிமண்களில் பலவற்றில் தண்ணி வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும், இதில் உள்ளேயே போகிறது. ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டை அப்படி விரித்துப் போட்டால் எழுநூறு, எண்ணூறு சதுர மீட்டர் வரும். ஏறக்குறைய இருபது சென்ட் நிலம், ஒரு கிராமில்.

இதனால்தான் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுது. ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் போகிற வெடிப்பெல்லாம் சாதாரணம். மேல்மண் அந்த வெடிப்புக்குள் உதிர்ந்து விழும், மழையில் மண் உப்பும்போது அடிமண் மேலே தள்ளப்படும். மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. மண்ணியலில் இந்த வகைக்கு வெர்டிசால் என்று பெயர். லத்தீனில் 'புரட்டு' என்கிற சொல்லில் இருந்து வந்தது.

இப்போ தண்ணிக்கு வருவோம். முதல் மழை பெய்யும்போது தண்ணி வெடிப்பு வழியாகக் கடகடவென்று உள்ளே போகும். "எவ்வளவு பெஞ்சாலும் குடிக்குதே" என்று தோன்றும். இரண்டாவது, மூன்றாவது மழையில் மண் உப்பி வெடிப்பெல்லாம் மூடிவிடும். அதற்கப்புறம் உள்ளே இறங்குகிற வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் கீழே. ஒரே மண், செப்டம்பரில் சல்லடை, நவம்பரில் பாத்திரம்.

ஒரு சின்னக் கணக்கு

நேயரின் வீட்டையே எடுத்துக்குவோம். மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. ஒரு ராத்திரி 50 மில்லிமீட்டர் மழை. நம்ம ஊரில் ஆண்டு முழுக்கப் பெய்கிறதே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். அதனால் ஒரே ராத்திரியில் 50 என்பது அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆயிரம் சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் என்றால் 4,650 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் நாலரை. அந்த மாடியின் எல்லாக் குழாயும் பின்பக்கத்தில் 40 சதுர மீட்டர் தோட்டத்தில் வந்து இறங்குது. 4,650 லிட்டரை 40 சதுர மீட்டரில் பரப்பினால் 116 மில்லிமீட்டர். வானத்தில் இருந்து நேராக விழுந்த 50-ஐயும் சேர்த்தால் 166. மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இது இறங்க 166 மணி நேரம் ஆகும். ஏழு நாள்!

கவனிச்சீங்களா, அவர் சொன்ன "ஒரு வாரம்" அப்படியே வந்திருச்சு. இதில் மண்ணை நாம் மாற்றவே இல்லை. மாடிக் குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட்டால் 166 என்பது 50 ஆகும், ஒரு வாரம் இரண்டு நாளாகும். ஒரு பிவிசி பைப், இரண்டு எல்போ, ஒரு பிளம்பர். பிரச்சனையில் மூன்றில் இரண்டு பங்கு இதிலேயே போய்விடுகிறது.

எங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் திணறினால் உடனே புது சர்வர் வாங்கச் சொல்ல மாட்டோம், இவ்வளவு டிராஃபிக் எங்கிருந்து வருதுன்னு முதலில் பார்ப்போம். இங்கேயும் அதேதான். தண்ணி எங்கே நிற்கிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பதை மழை பெய்யும்போதே குடை பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பாருங்க. மாடியா, பக்கத்து காலி மனையா, தெருவா, துணி துவைக்கிற தண்ணியா? ஃபோனில் வீடியோ எடுத்து வைங்க. வெயிலில் வந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது.

ஏழு நாள் நின்றால் செடி ஏன் சாகிறது என்பதையும் சொல்லிடறேன். வேருக்கு மூச்சு விட ஆக்ஸிஜன் வேணும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணியில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மண் துவாரமெல்லாம் தண்ணி நிரம்பினால் வேர் மூச்சுத் திணறும். பப்பாளி இரண்டு நாள்கூடத் தாங்காது. வேடிக்கை என்னன்னா, இப்படிச் சாகிற செடி முதலில் வாடித்தான் தெரியும், ஏன்னா வேர் அழுகினால் தண்ணி எடுக்க முடியாது. வாடுதேன்னு நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம்.

பரிசோதனை பண்றதுன்னா எப்போ?

ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டுங்க. தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் திரும்ப நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஒரு அங்குலம் இறங்கினால் கவலையில்லை. கால் அங்குலம்கூட இறங்கலைன்னா இந்த எபிசோடு உங்களுக்குத்தான்.

இதை மே மாசத்தில் பண்ணாதீங்க. வெடிப்பு விட்ட மண்ணில் ஊற்றினால் குழி ஐந்து நிமிஷத்தில் காலியாகும். "அருமையா வடியுதே" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மண் நல்லா உப்பின பிறகு, ஐப்பசி கார்த்திகையில் பண்ணினால்தான் உண்மை தெரியும்.

செம்மண் குழி என்கிற தொட்டி

இப்போ அந்த எண்பதாயிரம். நம்ம ஊரில் எல்லாரும் சொல்கிற வைத்தியம் இது: கரிசலைத் தோண்டி எடு, செம்மண் போடு, அதில் செடி வை. தென்னைக்கும் மாவுக்கும் மூணடிக்கு மூணடி குழி வெட்டிச் செம்மண், மணல், எரு என்று நிரப்புவார்கள். பார்க்க நியாயமாக இருக்கு. செம்மண்ணில் தண்ணி நல்லா இறங்கும்தானே?

இறங்கும். இறங்கி எங்கே போகும்? சுற்றிலும் அடியிலும் கரிசல்தான். மணிக்கு ஒரு மில்லிமீட்டர். செம்மண் வேகமாகக் குடிக்கிறதால், சுற்றியிருக்கிற மேல்தண்ணியும் அந்தக் குழியைத் தேடி வரும். நாம செலவழிச்சுக் கட்டினது ஒரு தொட்டி. செடியை அந்தத் தொட்டிக்கு நடுவில் நட்டிருக்கோம். மேலே மண் காய்ந்த மாதிரி இருக்கும், இரண்டடிக்குக் கீழே கையை விட்டால் அழுகின முட்டை நாற்றம் வரும்.

அடியில் ஜல்லி போட்டால் வடியாதா என்று கேட்பாங்க. வெளியேற வழி இல்லாத ஜல்லி, தொட்டிக்குள் இருக்கிற கல். அவ்வளவுதான். அது போக, நுண்ணிய மண்ணில் இருக்கிற ஈரம் பெரிய துவாரமுள்ள ஜல்லிக்குள் லேசில் இறங்காது. மேல்மண் முழுக்க நனைந்து சொட்டுகிற நிலை வந்தால்தான் இறங்கும். பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டாஞ்சில்லை நிரப்புவதும் இதே கதைதான்.

மணல் கலந்தால்? கொஞ்சம் எம்-சாண்ட் தூவிக் கொத்திவிட்டால், மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கிற இடத்தையெல்லாம் களி நிரப்பிக்கொள்ளும். மொத்தத்தில் பாதிக்கு மேல் மணலாக இருந்தால்தான் மண்ணின் குணம் மாறும். ஒரு அடி ஆழத்துக்கு 40 சதுர மீட்டரில் பாதி மணல் என்றால் ஆறு கன மீட்டர். அதைக் கரிசலோடு ஒரே சீராகக் கலக்கவும் வேணும். காய்ந்தால் கடப்பாரை இறங்காது, நனைந்தால் மம்பட்டியில் இருந்து பிரியாது. இந்த மண்ணோடு அதைக் கலக்கிக் காட்டினவரை நான் இன்னும் பார்க்கலை.

எங்க தெருவில் ஒரு கொத்தனார் அண்ணாச்சி இருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, கரிசல்ல குழி தோண்டுனா அது கிணறு. மேட்டைப் போட்டாத்தான் அது தோட்டம்" என்றார். இதற்கு மேல் நான் சொல்லப் போவது அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

மேட்டுப்பாத்தி

ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில் இக்ரிசாட் என்கிற சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, 1972-ல் தொடங்கியது. அங்கே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கரிசல் நிலத்தில் தண்ணி தேங்குவதற்கு ஒரு வழி செய்தார்கள். அகலப் பாத்தியும் சாலும். ஒரு மீட்டர் அகலத்துக்கு மேட்டுப்பாத்தி, அடுத்து அரை மீட்டர் சால், திரும்பப் பாத்தி. சாலுக்கு 0.4 முதல் 0.8 சதவீதம் சரிவு. அதாவது நூறு அடி நீளத்துக்கு ஐந்து முதல் பத்து அங்குலம். மிகுதித் தண்ணி சால் வழியாக மெதுவாக நகரும், வேர் மேட்டில் மூச்சு விடும். வடிந்த தண்ணியை ஒரு குட்டையில் பிடித்து, பின்னாடி பயிருக்கே பாய்ச்சலாம்.

வீட்டுக்கு இதைச் சின்னதாக்கிக்கலாம். மூன்றரை, நாலு அடி அகலத்துக்குப் பாத்தி, ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயரம், இடையில் ஒன்றரை அடிச் சால். முப்பது அடி நீளத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் சரிவு போதும். சரிவு அதிகமானால் மண் அரித்துக்கொண்டு போகும். கண்ணால் பார்த்துச் சரிவு வைக்காதீங்க, கண்ணு ஏமாத்தும். கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் மட்டம், அதான் தண்ணி நிரப்பின அந்த டிரான்ஸ்பரண்ட் டியூப், அது போதும்.

மேடு போட மண் எங்கே? சால் தோண்டி எடுக்கிற கரிசலேதான். அதோடு மக்கின குப்பை, தொழு உரம் நிறையச் சேருங்க. நம்ம பக்கத்து மண்ணில் கரிமச் சத்து பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். மக்கு சேர்ந்தால் களித் துகள்கள் சிறு சிறு உருண்டையாகச் சேரும், உருண்டைகளுக்கு நடுவில் காற்றுக்கும் தண்ணிக்கும் வழி கிடைக்கும். ஒரே வருஷத்தில் நடக்காது. வருஷா வருஷம் இரண்டு, மூன்று அங்குலம் மேலே போட்டுக்கிட்டே இருக்கணும், இந்த வெயிலில் அது சீக்கிரம் எரிஞ்சு போகும். பாத்திக்கு மேலே மூடாக்கு கட்டாயம். பருத்திமார் நறுக்கிப் போடலாம். கடலை மிட்டாய் ஊர்ல கடலைத் தொலிக்கா பஞ்சம்? மூடாக்கு இருந்தால் கோடை வெடிப்பும் குறையும், மண்புழுவும் வரும்.

செம்மண் ஏற்கெனவே ஒரு லோடு வாங்கிப் போட்டுட்டீங்களா? பரவாயில்லை, குழியில் போடாமல் மேட்டில் போடுங்க. மரம் நடவும் அப்படியே. ஐந்தடி அகலத்துக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடு, அதன் உச்சியில் கன்று.

ஜல்லியும் துளை போட்ட குழாயும் புதைத்து வடிக்கிற முறையை யூடியூப்பில் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறாங்க. வெளிநாட்டுத் தோட்டங்களில் அது நல்ல முறை. உப்பின கரிசலில் தண்ணி பக்கவாட்டில் நகர்கிற வேகமும் அதே நத்தை வேகம்தான். குழாய்க்கு ஒட்டின கொஞ்ச தூரத்து ஈரம் மட்டும்தான் வடியும். நுண்களி போய்த் துளையை அடைக்கும், அதனால் ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றணும். கடைசியில் குழாயின் வாய் திறக்க ஒரு தாழ்வான இடம் வேணும். அது இருந்தால் மேல்சாலே அந்த வேலையை ஓசியில் செய்துவிடும். வீட்டுச் சுவரை ஒட்டி வருகிற தண்ணியைத் தடுத்துத் திருப்ப மட்டும் குழாய் உதவும்.

ஜிப்சம் போடலாமா?

"ஜிப்சம் போட்டா மண் இளகும்" என்பது பாதி உண்மை. ஜிப்சம் செய்கிற வேலை, களியில் ஒட்டியிருக்கிற சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைப்பது. நம்ம கரிசலில் பெரும்பாலும் கால்சியம் ஏற்கெனவே ஏராளம். சோடியம் இல்லாத மண்ணில் ஜிப்சம் போடுவது உங்க பணத்தை மண்ணில் போடுவது.

சோடியம் இருக்கான்னு வீட்டிலேயே ஒரு குறிப்பு பார்க்கலாம். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை, ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊற்றி அதில் போடுங்க. கலக்காதீங்க. இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்க. கட்டி உடைந்து குவியலாகக் கிடந்து, தண்ணி தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு மேகம் கிளம்பினால், களி தனித்தனியாகப் பிரிகிறது, சோடியம் சந்தேகம். அப்போ மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்கிற அளவில் ஜிப்சம் போடுங்க. விரட்டின சோடியம் வெளியே வடிந்தும் போகணும் என்பதால் மேட்டுப்பாத்தி போட்ட பிறகு, மழைக்கு முன்னாடி போடணும்.

சோடியம் எங்கிருந்து வரும்? போர் தண்ணியில் இருந்து வரலாம். இப்போ புதுசா இன்னொரு வழி: வாட்டர் சாஃப்ட்னர். கடினத் தண்ணியில் இருக்கிற கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுவதுதான் அந்த மெஷினின் வேலை. அதைக் கழுவும்போது வெளியே வருவது சுத்த உப்புத் தண்ணி. அந்தக் குழாயைத் தோட்டத்துப் பக்கம் விட்டிருந்தால், நல்லா இருந்த மண்ணையும் நாமே அடைச்சுக்கிட்டு இருக்கோம். இன்னிக்கே போய்ப் பாருங்க.

வடிந்த தண்ணி எங்கே போகணும்?

இதுதான் உண்மையான சிக்கல். மண் பிரச்சனைக்குத் தீர்வு மேட்டுப்பாத்தி. தண்ணி பிரச்சனைக்கு?

பழைய காட்டில் மழைத் தண்ணி மெல்ல ஓடைக்குப் போய், ஓடையில் இருந்து கண்மாய்க்குப் போகும். பிளாட் போட்ட பிறகு ஒவ்வொரு காம்பவுண்ட் சுவரும் ஒரு தடுப்பணை. தெருவில் ரோடு மேல ரோடு போட்டு வாசலைவிட உயரமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் வைத்துத் தன் தண்ணியை நம்ம பக்கம் இறைப்பார், நாம் அவர் பக்கம் இறைப்போம். நல்லா இருந்த இரண்டு குடும்பம் இதில் பேச்சுவார்த்தையை நிறுத்தியதை நான் பார்த்திருக்கேன். முடிந்தால் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, காம்பவுண்ட் சுவரின் அடியில் தண்ணி போக ஓட்டை விட்டு, பழைய சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாலை இணைத்துவிடுங்க. சரிவு எந்தப் பக்கம் என்று அந்தக் காட்டை உழுதவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் தண்ணியை விரட்டுவதே குறி என்று நினைக்க எனக்கு மனசு வரலை. நம்ம ஊருக்குக் குடிதண்ணியே தாமிரபரணியில் சீவலப்பேரியில் இருந்து குழாய் போட்டு வருது. நவம்பரில் தண்ணியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு ஏப்ரலில் லாரித் தண்ணி வாங்குவது என்ன கணக்கு?

2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. நல்ல திட்டம். ஆனால் மூணடி, ஐந்தடிக் குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்பும் மாதிரி, சென்னைக் கடற்கரை மணலுக்குப் பொருந்தும். கரிசலில் அந்தக் குழி முதல் மழையில் நிரம்பி அப்படியே நிற்கும். இங்கே மாடித் தண்ணியை வடிகட்டி மூடின தொட்டியில் சேமிப்பதுதான் நேரான வழி. நிலத்துக்குள் அனுப்பணும்னா கரிசலைத் தாண்டி, அடியில் இருக்கிற சுக்கானையோ சிதைந்த பாறையையோ தொடுகிற மாதிரி துளை போடணும். அந்த ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அக்கம்பக்கத்தில் போர் போட்டவர்களைக் கேளுங்க. சேற்றுத் தண்ணியை வடிகட்டாமல் போரில் விடாதீங்க.

தண்ணியைப் பிடிச்சு வைக்கிற இந்தக் குணத்தை நம்ம முன்னோர் குறையாக நினைக்கலை. கரிசலில் ஊருணி வெட்டினால் அடியில் சிமெண்ட் வேண்டாம், பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், மண்ணே தாங்கும். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் சின்னதாக ஒரு குட்டை நீங்களும் வைக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் திறந்து நின்றால் கொசு முட்டை புழுவாகிப் பறக்கத் தயாராகிவிடும் என்பதை மட்டும் மறக்காதீங்க. கம்பூசியா மீன் விடுங்க, இல்லைன்னா வலை போட்டு மூடுங்க.

சுவர் விரிசல்

நேயரின் சமையலறைச் சுவருக்கு வருவோம். அடித்தளத்துக்குக் கீழே ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ச்சல் என்றால் ஒரு பக்கம் மண் உப்பும், மறுபக்கம் சுருங்கும், நடுவில் சுவர் கிழியும். இந்த மண்ணுக்காகவே ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் மாதிரி அகன்ற பைல் அடித்தளத்தை ஐம்பதுகளில் இருந்து உருவாக்கி வந்தது. ஆழத்தில், ஈரம் மாறாத மண்ணில் அது பிடித்துக்கொள்ளும். கட்டின வீட்டுக்கு அதை இனிமேல் செய்ய முடியாது, ஆனால் ஈரத்தைச் சீராக வைக்க முடியும். வீட்டைச் சுற்றி மூணடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம் போடுங்க. மாடிக் குழாயின் வாய் சுவரோரம் இருக்கவே கூடாது. சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி வைத்துத் தினமும் தண்ணி ஊற்றுவது அழகுதான், விரிசலுக்கு அதுதான் உரம். வேம்பு மாதிரி பெரிய மரமும் சுவரோரம் வேண்டாம், கோடையில் அடிமண் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்கிவிடும். விரிசல் வருஷா வருஷம் அகலமானால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்க, என் எபிசோடை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க.

எப்போ செய்யணும், என்ன வைக்கணும்

கரிசலில் எல்லாமே பதம். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்தில் இருந்து போடுங்க. சப்பென்று ஒட்டினால் ஈரம் அதிகம், காலே வைக்காதீங்க. ஈரத்தில் மிதித்தால் மண்ணின் துவாரமெல்லாம் நசுங்கிவிடும். நெல்லுக்குத் தண்ணி நிற்கணும்னு வேணும்னே தொளி அடிக்கிறாங்களே, அதையே நாம் தோட்டத்தில் காலால் செய்கிறோம். உருண்டை கீழே விழுந்து உதிர்ந்தால் பதம். உருட்டவே வரலைன்னா காய்ந்துவிட்டது.

நம்ம மானாவாரி விவசாயிகள் மழைக்கு முன்னாடியே, செப்டம்பரில் காய்ந்த மண்ணில் விதைப்பதும் இதனால்தான். மழை விழுந்த பிறகு காட்டுக்குள் இறங்க முடியாது. 1901-ல் இருந்து நம்ம ஊரில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இந்த மழைக்கு முந்தைய விதைப்பைத்தான் பரிந்துரைக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கும் அதே காலம்தான்: கோடை மழை ஒன்று விழுந்து பதம் வந்தவுடன் சால், மேடு எல்லாம் முடிச்சிடுங்க. ஐப்பசியில் ஆரம்பிக்காதீங்க.

தாழ்ந்த பக்கத்துக்கு நாவல், கல்வாழை, வெட்டிவேர். கொய்யா ஓரளவு தாங்கும். நெல்லி, சோடியம் இருக்கிற மண்ணையும் சகிக்கும். முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, எலுமிச்சை எல்லாம் மேட்டில் மட்டும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வடிகால் சரியான பிறகும் மஞ்சளாகவே இருந்தால், சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காததாக இருக்கலாம், அது வேறு வைத்தியம்.

ஒரு எல்லையையும் சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18-ல் நம்ம மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழைக்கு எந்தச் சாலும் மேடும் பதில் சொல்லாது. நான் சொன்னதெல்லாம் வருஷா வருஷம் வருகிற மழைக்கு.

அந்த நேயருக்கு: முதலில் மாடிக் குழாய், அடுத்து சுவரோரத் தளம், வைகாசி, ஆனியில் மேடு. மூன்றும் சேர்த்து அந்த எண்பதாயிரத்தில் எவ்வளவு ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, படிச்சுக் காட்டறேன். போர் தண்ணி உப்பைப் பற்றி நிறையக் கேள்வி வந்திருக்கு, அது அடுத்த எபிசோடு. டம்ளர் சோதனை பண்ணினவங்க ஃபோட்டோ அனுப்புங்க, பால் மேகம் வந்ததா இல்லையான்னு பார்த்துச் சொல்றேன்.